அடுப்படி இல்லாத ஆரோக்கியம்

நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம்; கவிதைக்கு எழுதுகிறோம்; சினிமாவுக்கு எழுதாதவர்களே இல்லை. ஆனால் நம் வீடுகளில் மிக அதிகமாகப் புரட்டப்படும் ஒரு ரகப் புத்தகத்தை யாரும் விமர்சனம் செய்வதில்லை. தேக ஆரோக்கியத்தைப் பற்றிய புத்தகங்களைச் சொல்லுகிறேன். எப்போது எழுவது, எதை உண்பது, எத்தனை தூரம் நடப்பது என்று கூறும் இந்த நூல்களை டாக்டர்கள் சரிபார்த்தால் போதும், கதை எழுதுகிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று இருந்துவிடுகிறோம். சென்ற ஆண்டு வரையில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

சென்ற ஆண்டு எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக டாக்டர் சொன்னார். வயது நாற்பத்தாறு; உட்கார்ந்து எழுதும் தொழில்; நாளைக்கு நாலு வேளை காப்பி. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆகாரத்துக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். காலையில் நடக்கச் சொன்னார். நடந்தேன்.

கல்பாக்கத்தில் நடப்பதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. விடியும் நேரத்தில் கடற்கரையோடு நடந்து, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை வரை போய்த் திரும்புவேன். படகுகள் கரையேறும் வேளை அது. மீன் கூடையைச் சுற்றிப் பெண்கள் ஏலக் குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டி நாங்கள், கையை வீசிக்கொண்டு, கலோரி கணக்குப் பார்த்துக்கொண்டு போவோம். எனக்கு வாய்த்த வழித்துணை, இங்குள்ள அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1984-லும் 1986-லும் ஒவ்வொன்றாக முழு அளவில் இயங்கத் தொடங்கிய அந்த இரண்டு உலைகளோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். எண்ணால் சொல்ல முடியாத எதையும் நம்பமாட்டார்.

"சார், நீங்க கதை எழுதறவர். உங்களுக்கு இதெல்லாம் வறட்சியா இருக்கும். ஆனா படிக்கணும்" என்று சொல்லி, ஒரு நாள் நாலைந்து ஆரோக்கிய நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் சமீபத்தில் வந்தவை. கூடவே காந்தியடிகளின் சிறு நூல் ஒன்று. நான் என் பங்குக்கு அலமாரியிலிருந்து திருக்குறளை எடுத்துக்கொண்டேன். இந்த வரிசையைப் படித்தபோது எனக்குத் தோன்றியவைதாம் இந்தக் கட்டுரை.

புதிய நூல்களை முதலில் முடித்துவிடுகிறேன். அவற்றில் தகவல் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அவையும் சொல்கின்றன, சரிதான். என் கண்ணில் பட்டது வேறு. கதைக்காரனுக்கு வினைச்சொற்களைக் கவனிக்கும் பழக்கம் உண்டு. 'வெந்தயத்தை இரவே ஊறவைத்துக் காலையில் வெறும் வயிற்றில் அருந்தவும்' என்கிற மாதிரி ஒரு வாக்கியம் இந்த நூல்களில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பார்வைக்கு ஒரே வாக்கியம். ஒரே ஆளைப் பார்த்துச் சொன்னதுபோல இருக்கிறது. ஆனால் என் வீட்டில் அந்த வாக்கியத்துக்கு இரண்டு எழுவாய்கள். ஊறவைத்தவள் ஒருத்தி, அருந்தியவன் ஒருவன். வேகவைத்து, வடிகட்டி, அரைத்து, ஆறவைத்து என்று வருகிற எச்சங்களெல்லாம் என் மனைவிக்கு. கடைசியில் வாக்கியத்தை முடிக்கிற அந்த வினைமுற்று மட்டும் எனக்கு.

ஒரு நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தை ஒளித்துவைத்தால் விமர்சகர்கள் சும்மா விடுவார்களா? எனவே ஆரோக்கிய நூலை எடைபோட எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. இதில் அடுப்பு மூட்டுகிறவர் இருக்கிறாரா? இந்தக் கேள்வியோடு பெரியவர்களிடம் போனேன்.

திருக்குறளில் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து. பத்துக் குறளில் முதலாவது, வாதம் முதலான மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்கிறது. அடுத்த ஆறும் சாப்பாட்டைப் பற்றியவை. கடைசி மூன்றுதான் வைத்தியம். மருந்து என்று பெயர் வைத்த அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. ஒரு தானியத்தின் பெயர், ஒரு காயின் பெயர் இல்லை. முன்பு உண்டது செரித்ததா, இப்போது பசிக்கிறதா, எவ்வளவு போதும் என்ற மூன்று கேள்விகளையே அவர் திருப்பித் திருப்பிக் கேட்கிறார். பதிலை உண்பவன் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிடுகிறார். இன்ன பொருளைத் தின்னு என்று எழுதியிருந்தால் அந்தப் பொருள் விளையாத ஊருக்கு அந்தக் குறள் பயன்படாமல் போயிருக்கும். பெயரே சொல்லாததால் அது கல்பாக்கத்து மீன் குழம்புக்கும் பொருந்துகிறது. கனடாவில் ரொட்டி தின்கிற தமிழனுக்கும் பொருந்துகிறது. அதிகாரத்தை வைத்த இடத்தையும் பார்க்க வேண்டும். கள், சூது, அதன் பிறகு மருந்து. குடிப்பவனும் சூதாடுபவனும் எங்கே நிறுத்துவது என்று தெரியாதவர்கள். அவர்கள் பக்கத்திலேயே, சாப்பாட்டை எங்கே நிறுத்துவது என்று தெரியாதவனையும் உட்கார வைத்திருக்கிறார். எனக்கு அது சுரீரென்று பட்டது.

இவ்வளவு பெருமையையும் சொல்லிவிட்டு என் அளவுகோலை நீட்டுகிறேன். ஆறு குறளிலும் உண்பவன் தனியாகவே இருக்கிறான். சோறு எங்கிருந்தோ வருகிறது. பத்தாவது குறளில்தான் இன்னொரு மனிதர் வருகிறார்: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் என்று மருத்துவத்துக்கு நான்கு அங்கம் சொல்கிறார். படுக்கையில் விழுந்த பிறகு தெரிகிற அந்த நான்காவது ஆள், படுக்கையில் விழாமல் இருக்க உழைத்த நாட்களில் கண்ணுக்குத் தெரியவில்லை. இதே நூலில், நான்கு அதிகாரங்களுக்கு முன்னால், பெண்வழிச் சேறல் என்று தலைப்பிட்டு, மனைவி சொல்லுக்கு அடங்கி நடப்பதைப் பழித்திருக்கிறார். அதை நினைவில் வைத்துக்கொண்டு காந்தியடிகளிடம் போகலாம்.

ஆரோக்கியத் திறவுகோல் என்று தமிழில் சொல்லத் தகும் அந்தச் சிறு நூலை அவர் 1942-ல் புனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் எழுதினார். ஆகஸ்டு மாதக் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடித்தார். தொடங்கியதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான், ஆகஸ்டு 15-ம் தேதி, இருபத்தைந்து ஆண்டுக் காலம் கூடவே இருந்த மகாதேவ தேசாய் அதே மாளிகையில் இறந்துபோனார். வயது ஐம்பது. அந்தத் துயரத்தின் நடுவில் அமர்ந்து, காற்று, தண்ணீர், உணவு, மசாலா, தேநீர் என்று நிதானமாக அத்தியாயம் அத்தியாயமாக எழுதிக்கொண்டு போகிறார். இதை நினைத்துக்கொண்டு படித்தால் அந்த எளிய நடைக்கே ஒரு கனம் ஏறிவிடுகிறது.

வள்ளுவர் சொல்லாமல் விட்ட அளவை இவர் நிறுத்தே கொடுக்கிறார். உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு ஒரு நாளைக்குப் பசும்பால் இரண்டு ராத்தல், தானியம் ஆறு அவுன்ஸ். கீரை மூன்று, மற்றக் காய்கறி ஐந்து, பச்சையாக ஒன்று. ஆறு அவுன்ஸ் என்றால் சுமார் 170 கிராம். மூன்று வேளையும் சோற்றை நம்பி வாழும் நமக்கு அது அதிர்ச்சிதான். ஆனால் இந்தப் பட்டியலைவிட நூலின் உயிர் எனக்கு வேறோர் இடத்தில் இருக்கிறது. 1912-ல் பாலை விட்டுவிடுவதாக விரதம் எடுத்தவர், பின்னால் கடுமையான சீதபேதியில் எலும்பும் தோலுமாகி, ஆட்டுப்பால் குடிக்க இசைந்தார். விரதத்தின் சொல்லைத்தான் காப்பாற்றினேன், உயிரைக் காப்பாற்றவில்லை என்ற பொருள்பட அவரே ஒப்புக்கொள்கிறார். தன் சறுக்கலைத் தன் உபதேசத்துக்குள்ளேயே வைக்கும் ஆரோக்கிய நூல்கள் அரிது. புதிய நூல்களில் இதைத்தான் நான் காணவில்லை.

இந்தச் சம்பவத்தை அவர் இரண்டு முறை எழுதியிருக்கிறார். 1925-ல் தொடராக வரத் தொடங்கிய சுயசரிதையில் காட்சி இப்படி: டாக்டர் பால் குடிக்க வேண்டும் என்கிறார், இவர் விரதத்தையும் அதன் காரணத்தையும் விளக்குகிறார், கட்டிலருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரிபா, அப்படியானால் ஆட்டுப்பாலுக்குத் தடை இருக்க முடியாதே என்று குறுக்கிட்டுச் சொல்கிறார். டாக்டர் அதைப் பிடித்துக்கொள்கிறார். 1942-ல் எழுதிய ஆரோக்கிய நூலில் காட்சி மாறிவிடுகிறது. யோசனையைச் சொன்னவர் ஒரு மருத்துவ நண்பர்; மனைவி அதை ஆதரித்தார். அவ்வளவே.

இதில் பொய் இருப்பதாக நான் சொல்லவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் ஆன விஷயம். நினைவு எவருக்கும் தேயும். ஆனால் எந்தப் பக்கமாகத் தேய்கிறது என்று பாருங்கள். வாழ்க்கைக் கதை எழுதும்போது நடுவில் நின்று பேசிய பெண், ஆரோக்கிய நூல் எழுதும்போது டாக்டருக்குப் பின்னால் போய் நிற்கிறார். அந்த வரியை எழுதியபோது கஸ்தூரிபா அதே மாளிகையில்தான், அவரோடு கைதியாக இருந்தார். 1944 பிப்ரவரி 22-ம் தேதி அங்கேயே காலமானார். தென்னாப்பிரிக்காவில் தாமே சமைத்தவர், ஆசிரமத்தில் ஆண்களையும் சமையலறைக்குள் அழைத்தவர் காந்தியடிகள். அவருடைய பேனாவிலேயே இப்படி நேர்ந்ததென்றால், குற்றம் மனிதருடையதல்ல, இந்த ரகப் புத்தகத்தின் வார்ப்பே அப்படி என்று எண்ணத் தோன்றுகிறது. உண்பவன் ஒருவனையே பார்த்துப் பேசும் வார்ப்பு அது. மனைவி சொல்லைக் கேட்டதனால் அல்லவா அந்த உயிர் இன்னும் முப்பது ஆண்டு இந்த நாட்டுக்குக் கிடைத்தது? பெண்வழிச் சேறலை எழுதிய வள்ளுவரிடம் இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இவ்வளவு நுட்பமாகப் படித்தவன் தன் வீட்டைப் படித்தானா என்று வாசகர்கள் கேட்கலாம். படிக்கவில்லை. டாக்டரின் பட்டியல் வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் மூன்று சமையல். எனக்குக் கேழ்வரகும் கீரையும். என் தாயாருக்குக் குழைந்த சோறு. பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு இட்லி. நான் நடந்துவிட்டு வரும்போது மூன்றும் தயாராக இருக்கும். ஒரு நாள், நான் படித்த அழகான பகுதி ஒன்றை அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். கரண்டியை வைக்காமலே கேட்டாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. அந்தப் புஸ்தகத்துல, கீரை ஆயறதுக்கு எந்நேரம் எழுந்திருக்கணும்னு போட்டிருக்கா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது துணைக்கு வந்திருந்தாள். அங்கிருந்த நர்ஸ், வந்ததுதான் வந்தீர்கள், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்களேன் என்று அவள் கையிலும் அந்தப் பட்டையைக் கட்டினாள். ரத்த அழுத்தம் என்னுடையதைவிட அதிகம். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. என் சர்க்கரையின் எண்களை மாதவாரியாக நோட்டில் எழுதி வைத்திருந்தவள் அவள்.

மறுநாள் கோட்டைப் பக்கம் நடக்கும்போது நண்பரிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் வந்தார். பிறகு தம் பழைய உத்தியோகத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே கதிர்வீச்சுக்கு அருகில் வேலை செய்கிறவர்கள் மார்பில் ஒரு சிறு வில்லை அணிய வேண்டும். உடம்பு எவ்வளவு வாங்கியது என்பதை அதைக்கொண்டு கணக்கெடுப்பார்கள். ஐந்து ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மிகக் கூடாது; எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது.

"யார் கிட்டே போய் நிக்கறாங்களோ, அவங்க சட்டையிலதான் சார் வில்லை. மின்சாரத்தை வாங்கிக்கிறவங்களுக்கு இல்லே" என்றார்.

எண்ணை நம்புகிற மனிதர் சொன்ன இந்த வார்த்தை, நாலைந்து ஆரோக்கிய நூல்களைவிட எனக்குத் தெளிவாக இருந்தது. நம் வீடுகளில் வில்லை இடம் மாறி இருக்கிறது. அனலுக்கு அருகில் நிற்பவளை விட்டுவிட்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனை அளந்துகொண்டிருக்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே சமையல். கேழ்வரகுக் களியோ, சோறோ, அன்றைக்கு எது ஆகிறதோ அதுவே எல்லோருக்கும். நான் வள்ளுவரை நம்பி அளவில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். கீரை ஆய்வது என் வேலை. சுத்தமாக ஆய்வதில்லை என்ற புகார் இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் நடக்கப் போகிறாள். வாரத்தில் மூன்று நாள்தான் முடிகிறது. மற்ற நாட்களுக்கு ஏதாவது காரணம் வந்துவிடுகிறது. அழுத்தம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

நண்பரின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படிக்கும்போது ஊறவைக்கவும், வேகவைக்கவும், அரைக்கவும் என்று வந்த இடங்களிலெல்லாம் ஓரத்தில் 'யார்?' என்று பென்சிலால் எழுதியிருந்தேன். அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்து மறந்துவிட்டேன். அடுத்த வாரம் அவர் கொஞ்சம் கோபமாகத்தான் வந்தார். புத்தகத்தில் கிறுக்கியதற்கு அல்ல. அவருக்கு முன்னால் அவர் மனைவி அதைப் படித்துவிட்டாராம்.