கல்லாப்பெட்டி மேலே ஒரு ஸ்டிக்கர்

2025 ஜனவரியில் மத்தியப்பிரதேசத்தின் கஜுராஹோவில் ஒரு திருட்டு நடந்தது. பூட்டு உடையவில்லை. கல்லாப்பெட்டியில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வந்து, கடைகளில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். கோடு மேலே தங்களுடைய க்யூ.ஆர். கோடை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் கடைக்காரர்கள் வழக்கம்போல வியாபாரம் செய்தார்கள். சரக்கு இவர்களுடையது, காசு வேறு யாருக்கோ! ஒரு மருந்துக் கடையில், ‘என்னங்க, பேரு வேற யாரோ பேரா வருதே?’ என்று வாடிக்கையாளர் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. பெட்ரோல் பங்க்கும் தப்பவில்லை.

கஜுராஹோ உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிற ஊர். அங்கேயே இப்படி என்றால், இப்போதுதான் டூரிஸ்ட்டைப் பார்க்க ஆரம்பித்திருக்கும் இடங்களில் என்ன ஆகும்? எனக்கு உடனே ஞாபகம் வந்தது கல்வராயன் மலை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை என்று போய் மேலே ஏறினால் வெள்ளிமலை, கரியாலூர். மேகம், பெரியார், கவியம் என்று அருவிகள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஈ-பாஸ் வாங்கிக்கொண்டு போகவேண்டிய அளவுக்குக் கூட்டம் கிடையாது. அங்கே ‘சுற்றுலாத் தொழில்முனைவோர்’ என்று அரசாங்கத் தமிழில் நீட்டிச் சொன்னாலும், ஆள் யார் தெரியுமா? நாலு ரூம் லாட்ஜ் வைத்திருப்பவர், ஜீப் ஓட்டுகிறவர், டீக்கடை அக்கா, ரோட்டோரம் தேன் பாட்டில் விற்கிற தம்பி. இவர்களுடைய மொத்த ‘ஐ.டி. டிபார்ட்மென்ட்’டும் சட்டைப் பையில் இருக்கிற ஒரே ஒரு செல்போன்தான்.

அந்த மலையின் கதையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. அங்கே வாழும் பழங்குடியினருக்கு ‘மலையாளி’ என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்று அர்த்தம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்கடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, கல்வராயன் மலை மக்களுக்கு அடிப்படை வசதி ஏன் இல்லை என்று கேட்டு வழக்கு எடுத்தது. முதல்வர் நேரில் போய்ப் பார்க்கலாமே என்றுகூட நீதிபதிகள் சொன்னார்கள். இந்தப் பின்னணியில், சுற்றுலா என்பது அந்த மக்களுக்குக் கௌரவமாக நாலு காசு பார்க்க ஒரு வழி. அந்தக் காசை எவனோ எங்கிருந்தோ வழித்துக்கொண்டு போனால் எப்படி?

‘அதற்குத்தான் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துகிறோமே!’ என்பார்கள். நான் விமர்சிக்க விரும்புவது இந்த விழிப்புணர்வைத்தான்.

நாடு முழுக்க ஒலித்த விழிப்புணர்வு ஒன்று உங்கள் காதுக்கே தெரியும். 2024 கடைசியில் ஆரம்பித்தது, யாருக்குப் போன் போட்டாலும் மணியடிப்பதற்கு முன்னால் ஓர் உபதேசம். வடக்கே அமிதாப் பச்சனின் குரல். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறவர்கூடக் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது என்று ஜனங்கள் புலம்பித் தீர்த்தார்கள். 2025 ஜூனில் நிறுத்தினார்கள். நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. ஏனென்றால் தொகை அப்படி. 2024-ல் மட்டும் இந்தியர்கள் சைபர் மோசடியில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மக்களவையிலேயே அரசு சொன்னது. முந்தின வருஷம் 7,465 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு!

ஆனால், அந்த உபதேசத்தின் சாரம் என்ன? தெரியாத நம்பரை நம்பாதே. தெரியாதவர் அனுப்புவதைத் திறக்காதே. இதையே பவர்பாயின்ட்டில் போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கடைசியில் சர்ட்டிஃபிகேட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டால் அதற்குப் பேர் பயிற்சி.

இப்போது அந்த நாலு ரூம் லாட்ஜ்காரரை நினைத்துப் பாருங்கள். அவருடைய பிழைப்பே தெரியாத நம்பர்தான் சார்! முன்பின் தெரியாத ஒருத்தர், முன்பின் தெரியாத ஊரிலிருந்து, ‘சனிக்கிழமை ரெண்டு ரூம் இருக்குமா?’ என்று கேட்பதற்குப் பெயர்தானே சுற்றுலா? தெரியாத நம்பரை எடுக்காதே என்று அவருக்குச் சொல்வது, மழையில் நனையாதே என்று மீனவருக்குச் சொல்வதுபோல. தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் தெரியாத நம்பர் அடிக்கும். எடுப்பார். எடுத்துத்தான் ஆகவேண்டும்.

மோசடிக்காரனுக்கு இந்த விஷயம் பயிற்சி நடத்துகிறவர்களைவிட நன்றாகத் தெரியும். நாடு முழுக்கப் பல ஊர்களில் நடந்த ஒரு தந்திரத்தைப் பாருங்கள். ‘நான் ராணுவ அதிகாரி பேசறேன். எங்க ஆளுங்களுக்குப் பத்து ரூம் வேணும்’ என்று போன் வரும். அடையாள அட்டை போட்டோ வாட்ஸ்அப்பில் வரும். பேரம் பேச மாட்டார். ‘அட்வான்ஸ் அனுப்பறேன், எங்க மிலிட்டரி முறைப்படி நீங்க இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டா பணம் வந்துடும்’ என்பார். போட்டால் பணம் வராது, போகும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை என்ற ஒரே ஒரு வாக்கியம் மனதில் பதிந்திருந்தால் இந்த நாடகம் முதல் சீனிலேயே முடிந்துவிடும். அந்த வாக்கியத்தை இருபது ஸ்லைடுக்கு நடுவில் பதினேழாவதாகக் காட்டினால் பதியுமா?

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பணம் கேட்டு யு.பி.ஐ.யில் கோரிக்கை அனுப்பி, அதை ‘உங்களுக்கு வரவேண்டிய பணம்’ என்று நம்பவைத்து ஏமாற்றுவது இதே குடும்பத்துத் தந்திரம். தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் தேசிய பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் நிறுத்திவிட்டது. வருஷக்கணக்காக ‘உஷார், உஷார்’ என்று கத்தியும் அடைபடாத ஒரு ஓட்டையை ஒரு சுற்றறிக்கை அடைத்தது. ஓட்டை போட்ட பையைக் கொடுத்துவிட்டு, ‘காசு விழாம பார்த்துக்கோ’ என்று புத்தி சொல்வதைவிடப் பையைத் தைப்பது சுலபம்.

சரி, தைக்க முடியாத ஓட்டைகளுக்கு என்ன வழி? நான் படித்தது பி.காம். அதில் ஆடிட்டிங் பாடத்தில் ‘இன்டர்னல் செக்’ என்று ஓர் அத்தியாயம் வரும். பரம எளிமையான விஷயம். பணம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக் கூடாது. ஒருத்தர் செய்த வேலையை இன்னொருத்தர் வேலை தன்னாலேயே சரிபார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே மளிகைக் கடை முதலாளிகள் கடைப்பிடித்த தர்மம் இது. ஆன்லைன் பாதுகாப்பு என்று பயமுறுத்துகிற சமாசாரத்தில் முக்கால்வாசி இதுதான்.

கஜுராஹோவையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கடை திறந்ததும் தன் கோடை இன்னொரு போனில் ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் போதும். பெயர் சரியாக வருகிறதா? பணம் வந்து சேர்கிறதா? அரை நிமிஷ வேலை. ‘அதான் ஸ்பீக்கர் கத்துதே’ என்பீர்கள். சிக்னல் இருந்தால் கத்தும். மலையில் சிக்னல் போனால் அதுவும் மௌனசாமி. அந்த நேரம் பார்த்து ஒருத்தர் போனை நீட்டி, ‘பணம் போயிடுச்சு பாருங்க’ என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுவார். அது நிஜமாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். தன் கணக்கில் வரவு பார்க்காமல் சரக்கைக் கொடுக்காதே என்பது கடையின் விதியாக இருந்தால் யாரையும் சந்தேகப்பட வேண்டாம், யாரிடமும் முகம் சுளிக்க வேண்டாம்.

அடுத்து, ஊர் பெயரோடு லாட்ஜ் என்று கூகுளில் தேடினால் வருகிற நம்பர். அது உங்கள் நம்பர்தானா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 2014 ஜனவரியில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஹோட்டல்களின் கூகுள் பக்கத்தில் இருந்த முகவரியை யாரோ தங்கள் புக்கிங் தளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். 2018-ல் மகாராஷ்டிரத்தில் வங்கிக் கிளைகளின் போன் நம்பரையே கூகுள் மேப்பில் மாற்றி, கூப்பிட்ட வாடிக்கையாளர்களைக் கறந்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்ற மையம், கேதார்நாத் ஹெலிகாப்டர் புக்கிங், பக்தர்கள் விடுதி என்றெல்லாம் போலித் தளங்கள் உலவுவதாக எச்சரித்தது. இதில் ஏமாறுவது வாடிக்கையாளர், கெடுவது விடுதியின் பேர். வாரம் ஒருமுறை, மனைவியோ மகனோ வேறு போனிலிருந்து உங்கள் லாட்ஜைத் தேடி, அங்கே இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்க்கட்டும். உங்கள் போன் அடிக்கிறதா? இதுவும் இன்டர்னல் செக்தான்.

‘இதெல்லாம் சின்ன ஆளுங்க பிரச்னை’ என்று நினைக்காதீர்கள். 2018 டிசம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 40 ஹோட்டல்களின் ஊழியர்களிடம் போனிலேயே நைச்சியமாகப் பேசி, புக்கிங் டாட் காம் பாஸ்வேர்டுகளைக் கறந்துவிட்டார்கள். 4,109 பேருடைய விவரம் போனது. அதில் 283 பேருடைய கிரெடிட் கார்டு தகவலும் அடக்கம். இதற்காக நெதர்லாந்து அரசு அமைப்பு அந்தக் கம்பெனிக்கு 4,75,000 யூரோ அபராதம் போட்டது. எதற்குத் தெரியுமா? திருட்டு நடந்ததற்காக அல்ல. நடந்ததை 22 நாள் தாமதமாகச் சொன்னதற்காக.

நம் ஊரில் தாமதத்துக்குக் காரணம் வெட்கம். ‘ஏமாந்துட்டேன்னு எப்படிங்க வெளிய சொல்றது?’ என்று மூன்று நாள் மருகிவிட்டு ஸ்டேஷனுக்குப் போவார்கள். அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். 1930 என்ற நம்பருக்கு உடனே சொன்னால், போகிற வழியிலேயே பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது. ஆகவே, பயிற்சியில் முதலில் போக்க வேண்டியது அறியாமையைவிட இந்த வெட்கத்தைத்தான்.

ஆதார் விஷயத்துக்கு வருவோம். ரூம் கேட்டால் ஜெராக்ஸ் கொடு, இல்லையா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பு. எல்லாம் மேனேஜர் போனில் குடும்பப் போட்டோக்களோடு கிடக்கும். போன் ரிப்பேருக்குப் போனால் அதுவும் கூடவே போகும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஹோட்டல்கள் ஆதார் நகல் வாங்கிவைப்பது குற்றம், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. இரண்டே நாளில் மத்திய அரசு அதை வாபஸ் வாங்கியது. தப்பாகப் புரிந்துகொள்வார்களாம்! அரசாங்கமே இப்படித் தடுமாறினால், லாட்ஜ்காரர் எதைப் பின்பற்றுவார்? 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதற்கு விதிகளும் வந்துவிட்டன. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். மேரியட் மாதிரி ராட்சத நிறுவனமே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்போர்ட் எண்களைப் பூட்டில்லாமல் வைத்திருந்து பறிகொடுத்தது, 2018-ல் தெரிய வந்தது. நாலு ரூம்காரருக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். தேவையில்லாததை வாங்காதே, வாங்கியதை வேலை முடிந்ததும் அழித்துவிடு. இல்லாத பொருளை எவனும் திருட முடியாது.

இவ்வளவையும் கற்றுக்கொடுக்க நட்சத்திர ஹோட்டல் மாநாட்டு அரங்கம் வேண்டாம். அரைநாள் போதும். வெள்ளிமலையிலேயே, சீசன் இல்லாத ஒரு வாரநாளில், நல்ல தமிழில், அவரவர் போனை அவரவர் கையில் வைத்துக்கொண்டு நடத்தலாம். யாரும் பேச்சு கேட்க வேண்டாம். கோடை மாற்றி ஒட்டி, ‘கண்டுபிடி’ என்று சொல்லுங்கள். ராணுவ அதிகாரி மாதிரி ஒருத்தர் போன் போட்டு நடிக்கட்டும். 1930-க்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பாருங்கள். மலையில் கோடை விழா நடத்தும் வழக்கம்தான் இருக்கிறதே. மலர்க் கண்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, சைபர் க்ரைம் காவலர் ஒருத்தரை உட்காரவைத்து, வியாபாரிகளின் கோடையும் கூகுள் நம்பரையும் சரிபார்த்துக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்?

வணிகவியலில் ‘குட்வில்’ என்ற சொத்து ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது. ஆனால் கடையின் மதிப்பில் பாதி அதுதான். ஊட்டியில் ஒரு லாட்ஜில் ஏமாந்தவர் அடுத்த தடவை ஊட்டியிலேயே வேறு லாட்ஜ் தேடுவார். கல்வராயன் மலையில் ஏமாந்தவர் கல்வராயன் மலைக்கே வரமாட்டார். அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போவது லாட்ஜின் பேரை அல்ல, மலையின் பேரை. ஏற்கெனவே சாராயச் செய்திகளில் அடிபட்ட பேர் அது.

தேனில் வெல்லப்பாகு கலந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள் அந்த மக்கள். க்யூ.ஆர். கோடில் கலப்படத்தைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டமில்லை. சொல்லிக்கொடுக்கிறவர்கள்தான் கொஞ்சம் மலை ஏற வேண்டும்.