எந்த இடத்தில் வழுக்குகிறது?

கார் பந்தயம் பற்றிய எழுத்தில் பெரும்பாலும் இரண்டே சமாச்சாரங்கள்தான் இருக்கும். ஒன்று துணிச்சல், இன்னொன்று மரணம். ஓட்டுநர் பயப்படாதவர், வேகத்தை நேசித்தவர், ஒருநாள் வேகமே அவரை எடுத்துக்கொண்டது. படித்து முடித்தால் ஒரு பெருமூச்சு வரும். ஆனால் அந்த மனிதர் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை என்ன வேலை செய்தார் என்பது கடைசி வரை தெரியாது.

மார்க் டோனஹ்யூ 1975இல் வெளியிட்ட 'தி அன்ஃபேர் அட்வான்டேஜ்' அந்த வேலையைப் பற்றிய புத்தகம். பால் வான் வால்கன்பர்க் என்பவருடன் சேர்ந்து எழுதியது. டோனஹ்யூ அமெரிக்கர், பிரவுன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவர். 1972இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றார். 1973இல் கேன்-ஆம் தொடரின் எட்டுப் பந்தயங்களில் ஆறில் முதலிடம். இதெல்லாம் புத்தகத்தில் வருகிறது, ஆனால் மையம் அதுவல்ல. அத்தியாயங்களுக்கு வைத்த பெயர்கள் கார்களின் பெயர்கள். ஒரு கார் வருகிறது, அதில் ஒரு கோளாறு இருக்கிறது, அதற்கு என்ன செய்தார்கள், செய்தபின் என்ன ஆயிற்று. அவ்வளவுதான் கதை. இதை நான் ஒரு நாவலின் ஆர்வத்தோடு படித்தேன். ஏன் அப்படி என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு சொற்கள். வளைவில் முன்டயர்கள் பிடியை இழந்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி வெளிப்பக்கமாக நேரே இழுத்துக்கொண்டு போகும். அது அண்டர்ஸ்டியர். பின்டயர்கள் பிடியை இழந்தால் வால் வெளியே வீசும், வண்டி சுழலப் பார்க்கும். அது ஓவர்ஸ்டியர். 'மூக்கு வரமாட்டேங்குது', 'வால் ஆட்டுது' என்று சொன்னாலும் போதும். ஒரு ட்ராக் காரைச் சரிசெய்வது என்பதன் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

டோனஹ்யூ அதை எங்கே தேடினார்? பந்தயத் தடத்தில் அல்ல, வெறும் வட்டத்தில். ஸ்கிட்பேட் என்பார்கள். தரையில் வட்டம் போட்டு, அதன்மேலேயே சுற்றிச் சுற்றி, முடிந்த அளவு வேகமாக ஓட்டுவது. இதில் வீரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தலை சுற்றும், டயர் தேயும். ஆனால் கணக்கு ஒளிந்துகொள்ள முடியாது. 30 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தை 11 விநாடியில் சுற்றினால் வண்டியின் பக்கவாட்டுப் பிடி ஏறக்குறைய புவியீர்ப்புக்குச் சமம். அதையே 10.5 விநாடியில் சுற்றினால் பிடி ஏறக்குறைய பத்து சதவீதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டுநரின் மனநிலை, அன்றைய அதிர்ஷ்டம், முந்திச் சென்ற எதிராளி, எதுவும் குறுக்கே வராது.

வட்டம் இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. சமநிலை வேறு, பிடி வேறு. ஆன்டி-ரோல் பார் என்று ஒரு கம்பி உண்டு. இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைப்பது. பின்பக்கக் கம்பியை விறைப்பாக்கினால் அண்டர்ஸ்டியர் குறையும். காரணம் டயரின் குணம். ஒரு டயரின்மேல் சுமையை இரண்டு மடங்காக்கினால் பிடி இரண்டு மடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். இரண்டு டயர்கள் ஆளுக்கு 300 கிலோ சுமப்பதும், ஒன்று 500, மற்றது 100 சுமப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது ஜோடியின் மொத்தப் பிடி குறைவு. வளைவில் உள் டயரிலிருந்து வெளி டயருக்குச் சுமை மாறுவதைத் தடுக்க முடியாது. அந்த மாற்றத்தில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று முடிவுசெய்யலாம். ஆக, ரோல் பார் புதிதாக எதையும் சம்பாதித்துத் தருவதில்லை. இருக்கிற சொத்தைப் பாகம் பிரிக்கிறது.

இங்கேதான் ஏமாற வாய்ப்பு. பின்டயரில் காற்றழுத்தத்தைத் தாறுமாறாக வைத்துக்கூட அண்டர்ஸ்டியரைப் போக்கிவிடலாம். பின்பக்கம் கெட்டு முன்பக்கத்தோடு சமமாகிவிடும். ஓட்டுநர் இறங்கி வந்து 'இப்ப நல்லா இருக்கு' என்பார். வண்டி சமமாக இருக்கும், மெதுவாகவும் இருக்கும். வட்டத்தில் சுற்றிய நேரம் மட்டும்தான் அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். எந்த இடத்திலும் துருத்தாமல், எதையும் சாதிக்காமல் முடிகிற சில நாவல்களைப் படிக்கும்போது எனக்கு இந்தக் கார் நினைவுக்கு வருகிறது.

இந்த வேலையின் கடினம் சாவியிலோ ஸ்பானரிலோ இல்லை, சொல்லில் இருக்கிறது. 'வண்டி சரியில்லை' என்று ஓட்டுநர் சொன்னால் மெக்கானிக் எதைத் திருகுவார்? வளைவுக்கு மூன்று பாகம் உண்டு. பிரேக் போட்டு நுழைவது, நடுப்பகுதி, ஆக்ஸிலரேட்டரை மிதித்து வெளியேறுவது. எந்தப் பாகத்தில், எந்த வேகத்தில், எந்த முனை என்று சொல்ல வேண்டும். மெதுவான வளைவில் பிரச்னை என்றால் சஸ்பென்ஷனைப் பார்க்கலாம். வேகமான வளைவில் மட்டும் என்றால் விங்கைப் பார்க்கவேண்டும், ஏனென்றால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது.

இதைவிடச் சிக்கலான ஒன்றும் உண்டு. வெளியேறும்போது வால் வீசுகிறது என்று ஓட்டுநர் புகார் சொல்கிறார். கேட்டால் ஓவர்ஸ்டியர் மாதிரி இருக்கும். உண்மையில் நடந்தது வேறாக இருக்கலாம். வளைவின் நடுவில் மூக்கு வரவில்லை, அவர் பொறுமையிழந்து ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினார். வேகம் குறைந்ததும் முன்டயர்கள் திடீரென்று பிடித்தன, அதே கணத்தில் ஆக்ஸிலரேட்டரும் மிதிபட்டது, வால் போய்விட்டது. வலி தெரிந்த இடம் கடைசி, நோய் இருந்த இடம் நடு. பின்பக்கத்தைத் திருத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

விமர்சனம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு பத்தியைச் சுவரில் ஒட்டிவைக்கலாம் என்று நினைக்கிறேன். 'நாவலின் முடிவு சொதப்பிடுச்சு' என்பது நாம் அடிக்கடி சொல்கிற வாக்கியம். முடிவு எப்போதாவதுதான் தானாகச் சொதப்புகிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பவில்லை, எழுத்தாளர் அதைச் சம்பவங்களால் இழுத்துத் திருப்பினார், அந்தக் கடன் கடைசியில் வசூலாகிறது. 'பிடிச்சிருக்கு', 'பிடிக்கல' என்று நின்றுவிடுகிற வாசிப்பு, 'வண்டி சரியில்லை' என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றுகிற ஓட்டுநரைப் போன்றது. டோனஹ்யூவின் உரைநடையில் அலங்காரம் கிடையாது, ஆனால் அவர் எப்போதும் இடத்தைச் சொல்கிறார். அந்தப் பழக்கம்தான் புத்தகத்தை இலக்கியத்தின் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கிறது.

இதோடு ஒப்பிட, நாம் பலரும் பார்த்த 'ஃபோர்டு வி ஃபெராரி' படத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜேம்ஸ் மேங்கோல்ட் இயக்கி 2019இல் வந்தது. அதன் நாயகன் கென் மைல்ஸும் ஒரு சோதனை ஓட்டுநர்தான். காரின் உடம்பில் நூல்களை ஒட்டி, காற்று எப்படிப் போகிறது என்று பார்க்கிற காட்சி எனக்குப் பிடித்தது. மைல்ஸின் மேதைமை அங்கேதான் தெரிகிறது. ஆனால் படத்துக்கு அதில் நம்பிக்கை போதவில்லை. சீக்கிரமே 7000 ஆர்பிஎம்மில் எல்லாம் மறைந்துபோகும் என்ற தத்துவத்துக்குத் தாவிவிடுகிறது. டோனஹ்யூவுக்கு எதுவும் மறையாது. அந்த வேகத்தில்தான் அவர் இன்னும் கூர்ந்து பார்க்கிறார்.

சரி, புத்தகத்தில் குறையே இல்லையா? இருக்கிறது, அதுவும் தலைப்பிலேயே. நியாயமற்ற சாதகம் என்பதை அவர் வெட்கமில்லாமல் தேடுகிறார். ட்ரான்ஸ்-ஆம் பந்தயங்களுக்காக ஒரு கமாரோவின் உடல் தகட்டை அமிலத்தில் ஊறவைத்து மெலிதாக்கி எடையைக் குறைத்தார்கள். விதிமுறைப் புத்தகமும் அவருக்கு ரோல் பார் மாதிரி, திருகிப் பார்க்கவேண்டிய இன்னொரு பொருள். அளக்க முடிந்ததெல்லாம் அவர் எழுத்துக்குள் வந்துவிடுகிறது. அளக்க முடியாதவை ஓரமாக நிற்கின்றன. இத்தனை வட்டங்கள் சுற்றியவரின் வீட்டில் என்ன நடந்தது என்பது கொஞ்சமாகத்தான் தெரியவரும். தன் காரை மூன்றாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் தன்னை அப்படிப் பார்க்கவில்லை.

ஆனாலும் அவர் எதையும் சும்மா பெறவில்லை என்பது அவருடைய கார்களிலேயே தெரிகிறது. ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் கொண்ட போர்ஷே 917/30இல் டிஃபரன்ஷியல் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். அந்தச் சக்தியை வீணாக்காமல் தரையில் இறக்க அது உதவும். பதிலுக்கு, வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு தூரம் போகவேண்டியிருக்க, பூட்டிய அச்சு வண்டியை நேராகவே தள்ளப் பார்க்கும். நன்மை எங்கே வாங்கினோம், விலையை எங்கே கொடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்த முடிவு அது.

1975 ஆகஸ்ட் 9 அன்று டாலடேகா தடத்தில் அதே ரகக் காரில் மணிக்கு 355 கிலோமீட்டருக்கும் மேலான சராசரி வேகத்தில் ஒரு உலக சாதனை படைத்தார். எட்டு நாள் கழித்து ஆஸ்திரிய கிராண்ட் பிரீ நாளின் காலைப் பயிற்சியில், வேறொரு காரில், டயர் பழுதாகி விபத்து. தடப் பணியாளர் ஒருவர் இறந்தார். டோனஹ்யூ பேசினார். பிறகு தலைவலி. ஆகஸ்ட் 19 அன்று மூளை ரத்தக்கசிவில் இறந்தார், வயது 38. நான் முதல் பத்தியில் கேலி செய்த வகைக் கதைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். அப்படி வாசிக்க வேண்டாம் என்பதே என் கோரிக்கை. அவர் வேகத்துக்குத் தன்னைக் கொடுத்தவர் அல்ல. வேகத்தைப் பாகம் பாகமாகப் பிரித்து எழுதிவைத்தவர்.

கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையம் காரி ட்ராக்கிலும், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் மெக்கானிக்குகள் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஓட்டுநர் சொல்வதைக் கேட்டு, எந்த முனை, எந்த இடம் என்று பிரித்து, கம்பியை ஒரு துளை தள்ளி மாட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர், தான் திருகிய ஒவ்வொரு வண்டியையும் பற்றி, தன் சொற்களில், ஒரு வண்டிக்கு ஒரு அத்தியாயம் என்று எழுதினால் அது எப்படி இருக்கும்? துணிச்சலைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். அந்தப் புத்தகத்தைத்தான் நான் படிக்க விரும்புகிறேன்.