கரிசலுக்கு ஒரு அலைவரிசை

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் தொலைக்காட்சி தொடங்கியபோது அது சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊரான திருவேங்கடத்துக்கு எட்டவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில், கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் கரிசல் ஊர்களில் படம் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம், கூடவே ‘வயலும் வாழ்வும்’. வேறு போக்கிடம் இல்லாததால்தான் பார்த்தார்கள் என்று இன்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். நேயர் கடிதங்களைப் படித்துப் பதில் சொன்ன ‘எதிரொலி’யைச் சனம் உட்கார்ந்து கேட்டது, தன் குரலும் அங்கே போய்ச் சேர்கிறது என்ற நினைப்பில்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அதே ஆண்டு தூர்தர்ஷனும் தமிழுக்குச் செயற்கைக்கோள் அலைவரிசை தொடங்கி, 2000இல் அதற்குப் பொதிகை என்று பெயரிட்டது. பின்னர் ராஜ், விஜய், ஜெயா, கலைஞர், ஜீ என்று வரிசை நீண்டது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு வந்த அரசு கேபிளும் குடிசைவரை பெட்டியைக் கொண்டுபோயின. பெட்டி போன வீடுகளில் பொதிகைக்கு மட்டும் இடமில்லாமல் போனது. 2024 ஜனவரி 19 அன்று அது டிடி தமிழ் என்று பெயர் மாறி, புதுத் தோற்றத்தோடும் தொடர்களோடும் மறுபடி தொடங்கியது.

தொடர்களில் தனியாரோடு மோதுவது வீண் என்றே நினைக்கிறேன். நடிகர், விளம்பரம், மாலை நேரப் பழக்கம் மூன்றும் அவர்கள் கையில். தூர்தர்ஷனிடம் இருப்பது வேறு பலம். அதன் சம்பளச் செலவை மத்திய அரசின் மானியம் தாங்குகிறது. 2023 ஜனவரியில், ஒளிபரப்புக் கட்டமைப்புக்கென 2,539.61 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதலும் கிடைத்தது. 2006இல் சினிமா இல்லாமல் தொடங்கிய மக்கள் தொலைக்காட்சியின் பாதை விளம்பரச் சந்தையில் எவ்வளவு கரடுமுரடு என்பது தெரிந்ததே. அந்தப் பாதையில் துணிந்து நடக்கக்கூடிய அலைவரிசை இன்று டிடி தமிழ் ஒன்றுதான்.

நடந்து காட்டியவர்களும் உண்டு. எழுபதுகளின் நடுவில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பீஜ் என்ற கிராமத்தில் ஒரு சிறு ஒளிபரப்பியை வைத்துக்கொண்டு இஸ்ரோ நிகழ்ச்சி தயாரித்தது. கூலிக் குறைவு, தீண்டாமை, பெண்கள் படும் பாடு எல்லாம் அந்த வட்டாரப் பேச்சிலேயே நாடகமாயின. எழுதியவர்களிலும் நடித்தவர்களிலும் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். 1984இல் யுனெஸ்கோவின் ஊரகத் தகவல்தொடர்பு விருது அதற்குக் கிடைத்தது. பிற்பாடு அகமதாபாத்தின் பெரிய நிலையத்துக்காகப் பீஜ் கைவிடப்பட்டபோது, பார்த்து வந்த மக்களே எதிர்த்து நின்றார்கள். தங்களுக்காக நடந்த ஒரு நிலையத்தை இழக்க அவர்களுக்கு மனமில்லை.

அந்தக் கேடா தமிழ்நாட்டில் எங்கே நடந்திருக்க வேண்டும்? மானாவாரி நிலமும் தீப்பெட்டி வேலையும் உள்ள இந்தக் கரிசல் பக்கத்தில் நடந்திருக்கலாம். 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியபோது விவசாயிக்கு வேண்டியிருந்தது அன்றன்றைய தகவல்: எந்த மருந்து, எத்தனையாவது நாளில், குருத்துக்குள் எப்படி அடிப்பது, பக்கத்து ஊரில் அது பலித்ததா? பக்கத்துப் புஞ்சைக்காரரே கேமரா முன் நின்று சொன்னால் சம்சாரி நம்புவார். சங்கரன்கோவில் விசைத்தறிக்காரருக்கு நூல் விலை வேண்டும். ஆடித்தபசுக் கூட்டத்தைக் காட்டிவிட்டுப் போவதோடு நிற்காமல், அதன் பின்னாலுள்ள வில்லிசைக் கலைஞரின் பிழைப்பையும் படமாக்க வேண்டும்.

இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. திருநெல்வேலி வானொலி 1963 டிசம்பரிலிருந்து இயங்குகிறது. பண்ணைச் செய்தியும் வில்லிசையும் அதற்குப் பழகிய வேலை. அதுவும் தூர்தர்ஷனும் பிரசார் பாரதி என்ற ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். வானொலிக்காரர்கள் ஊர் ஊராகப் போகும்போது கூடவே ஒரு கேமரா போகட்டும். எடுத்ததை அன்று மாலையே, தொடர்கள் ஓடும் எட்டு மணிக்கு எதிராக, நெல்லைப் பேச்சிலேயே ஒளிபரப்பட்டும். அதில் ஒரு கால் மணி நேரம் ‘எதிரொலி’க்கு. இந்த முறை வாட்ஸ்அப்பில் வரும் குரலுக்கு, அந்தந்தத் துறை அதிகாரியை உட்காரவைத்தே பதில் வாங்க வேண்டும்.