வாயைக் கட்டும் வைத்தியம்

கௌட் என்னும் மூட்டு நோய் என்றாலே இப்போது சாப்பாட்டுப் பட்டியல்தான் வைத்தியம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, வார இதழ்களின் மருத்துவப் பக்கங்களில் வருகிறது, சில இடங்களில் ரத்தப் பரிசோதனை முடிவோடு சேர்த்தே கையில் கொடுத்துவிடுகிறார்கள். துவரம்பருப்பு கூடாது, உளுந்து கூடாது, பசலைக்கீரை, காலிஃபிளவர், காளான், தக்காளி எதுவும் கூடாது. முடக்கத்தான் கீரை நல்லது, எலுமிச்சைச் சாறு நல்லது. இதைத் தாங்கிப் பிடிக்க ஒரு வாதமும் ஊன்றிவிட்டது: காலமெல்லாம் மாத்திரை விழுங்குவதைவிட வாயைக் கட்டுவது மேல். படித்தவர்களும், ஏன், சில மருத்துவர்களும்கூட இதைச் சொல்கிறார்கள். இது தவறு என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பத்தியத்தில் உண்மையே இல்லை என்று சொல்லவில்லை. பீர், ஈரல், மத்தி, நெத்திலி, சர்க்கரை கொட்டிய குளிர்பானம் இவற்றைக் குறைத்தால் பலன் உண்டு. உடல் எடை குறைந்தால் இன்னும் நல்லது. ஆனால் பருப்பும் கீரையும் என்ன பாவம் செய்தன? 47,000-க்கும் அதிகமான ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. இறைச்சியும் கடல் உணவும் கௌட் வரும் அபாயத்தைக் கூட்டின; உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுந்த காய்கறிகளால் எந்தக் கூடுதல் அபாயமும் தெரியவில்லை; பால் பொருள்கள் அபாயத்தைக் குறைத்தன. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் பட்டியல்களில் கீரை 'கூடாது' என்ற இடத்திலேயே கிடக்கிறது.

என்னுடைய முதன்மையான எதிர்ப்பு கணக்கைப் பற்றியது. கௌட்டுக்குக் காரணமான யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உடம்பே உண்டாக்குகிறது. சாப்பாட்டிலிருந்து வருவது மிச்சம்தான். கௌட் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு வாயில் இல்லை. சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றாததுதான் காரணம். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. 100 மில்லி ரத்தத்தில் 6.8 மில்லிகிராமுக்கு மேல் யூரிக் அமிலம் போனால், ஆறிய பாகில் கற்கண்டு படிவதுபோல மூட்டுகளில் உப்புப் படிகங்கள் படியத் தொடங்கும். உடம்பில் குளிர்ச்சியான இடங்களில் ஒன்று கால் கட்டைவிரல்; பெரும்பாலும் அங்கேதான் முதலில் பிடிக்கும். கடும் பத்தியம் இந்த அளவைக் குறைப்பது ஏறத்தாழ 1 மில்லிகிராம். 9 இருப்பவருக்கு 8 ஆகும். 8-லும் படிகம் படிந்துகொண்டேதான் இருக்கும். பத்தியத்தின் பெருமை பேசுகிறவர்கள் யாரும் இந்தக் கழித்தலைப் போட்டுக் காட்டுவதில்லை.

அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமலே பிழைத்துக்கொள்ள நோயே வழி வைத்திருக்கிறது. கௌட் வலி எதுவும் செய்யாவிட்டாலும் ஓரிரு வாரத்தில் தானாக அடங்கும். அந்த வாரத்தில் முடக்கத்தான் ரசம் குடித்திருந்தால் பெயர் ரசத்துக்குப் போகும். அடுத்த முறை வீங்கினால் பழி நோயாளியின் நாக்கின்மேல். என் பெரியப்பா மகனைப் பார்த்திருக்கிறேன். பந்தியில் சாம்பார் வாளி வந்தால் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொள்வார். அப்படியும் கால் வீங்கியபோது அண்ணி சொன்னார்: "போன வாரம் கல்யாண வீட்ல ரெண்டு வடை தின்னாரு, அதான்." அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய முழங்கையில் எலுமிச்சை அளவு கட்டி. விரல் மூட்டில் தோல் வெடித்து, சுண்ணாம்புக் குழைவாக வெள்ளையாக வெளியே வந்தது. அத்தனையும் யூரிக் அமிலப் படிகம். பருப்பைத் தொடாமல் இருந்த ஆண்டுகளில் சேர்ந்தது அது. அந்த மனிதரைக் குற்றவாளியாக உட்காரவைத்த பட்டியலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வலி வரும்போது அவர் செய்ததெல்லாம், மருந்துக்கடையில் "கால் வீக்கத்துக்குக் குடுங்க" என்று கேட்டு, பழுப்புக் கவரில் கத்தரித்துப் போட்டுத் தந்த டைக்ளோஃபெனாக்கையும் ஸ்டீராய்டையும் விழுங்கியது. ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தின் மேல் வலிமாத்திரையின் சுமையும் ஏறியது. மாத்திரைக்குப் பயந்து பத்தியம் இருப்பவர்கள் கடைசியில் விழுங்குவது இந்த மாத்திரைகளைத்தான்.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் 1966-இலிருந்தே இருக்கிறது. அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். விலையும் அதிகமில்லை. சிலருக்கு அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரும்; அதனால்தான் 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே இறங்கும்வரை படிப்படியாகக் கூட்ட வேண்டும். நம் ஊரில் 100-இல் தொடங்கி 100-இலேயே விட்டுவிடுகிறார்கள். வலி நின்றால் மாத்திரையும் நின்றுவிடுகிறது. தொடங்கிய முதல் சில மாதங்களில் பழைய படிகம் கரையும்போது வலி வரக்கூடும். அதற்கு முன்னெச்சரிக்கையாக மூன்று முதல் ஆறு மாதம் கோல்ச்சிசின் கொடுப்பார்கள். இதை யாரும் சொல்லிவைக்காததால் "மாத்திரை சேரல" என்று தூக்கி எறிகிறார்கள். அந்தக் கோல்ச்சிசின் மூலனூர், தாராபுரம் பக்கம் விளையும் கண்வலிக்கிழங்கின், அதாவது நம் செங்காந்தளின், விதையிலும் இருக்கிறது. கிழங்கை அப்படியே தின்றால் உயிர்போகும். அளந்து மாத்திரையாக்கினால் மருந்து. அதுகூட வலியைத்தான் அடக்கும், யூரிக் அமிலத்தைக் குறைக்காது.

காலமெல்லாம் மாத்திரையா என்று கேட்பவர், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அந்த பிரஷர் மாத்திரையில் யூரிக் அமிலத்தை ஏற்றும் தயசைடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

சொல்ல ஆள் இருந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செவிலியர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2018-இல் வெளிவந்தது. நோய் ஏன் வருகிறது என்பதை நோயாளிக்கு விளங்கும்படி சொன்னார்கள், சந்தேகங்களுக்குப் பதில் சொன்னார்கள், அளவு இறங்கும்வரை வழக்கமான மருந்துகளையே கூட்டிக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் அவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 95 சதவீதம் பேருக்கு யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வந்திருந்தது. குடும்ப மருத்துவர்களிடம் வழக்கம்போலப் போய்வந்தவர்களில் 30 சதவீதம் பேருக்குத்தான் அது நடந்தது.