பிஞ்சுக் கை இடும் பிச்சை

வாசலில் இரப்பவர் குரல் கேட்டதும், இடுப்பிலிருக்கும் குழந்தையைக் கீழே இறக்கி, அதன் உள்ளங்கைகள் இரண்டையும் குவித்து, அவற்றில் அரிசியை நிரப்பி, "போ கண்ணு, போட்டுவிட்டு வா" என்று அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இப்போது பெரும்பாலும் அரிசியின் இடத்தில் காசு வந்துவிட்டது. வீட்டு வாசலின் இடத்தைக் கோயில் வாசல் பிடித்துக்கொண்டது. பெரியவர் பொருளைக் குழந்தையின் கை கொடுத்தால் அதன் சுபாவத்தில் தயை படியும் என்ற நம்பிக்கை மட்டும் மாறவில்லை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதே ஆராயத்தக்க விஷயம்.

தர்மத்தைப் பற்றிக் கதை கேட்பது வேறு. பசித்த முகத்தைப் பிரத்தியட்சமாகக் காண்பது வேறு. எங்கள் பாட்டி இவ்வாறு குழந்தைகளை அனுப்பும்போது நான் பலமுறை கவனித்திருக்கிறேன். வழியெல்லாம் விரலிடுக்கில் அரிசி சிந்தும். பாத்திரத்தில் விழுவது பாதிதான். ஆனால் வாங்க வந்த கிழவி குனிந்து, பாத்திரத்தைக் குழந்தையின் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடிப்பாள். இரு முகங்களும் அருகருகே வரும் அந்தக் கணத்தில் குழந்தை சிரிக்கும். அந்தச் சிரிப்பு உண்மையானது. கனடாவில் லாரா ஆக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் ஆகிய மூவர் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள், தின்பண்டத்தைத் தாம் பெற்றபோதைக் காட்டிலும் ஒரு பொம்மைக்குக் கொடுத்தபோது அதிக மகிழ்ச்சி காட்டின.

அதே ஆராய்ச்சியின் மற்றொரு முடிவு நம் வழக்கத்தின் குறையைத் தொட்டுக் காட்டுகிறது. பிறர் எடுத்துத் தந்ததைக் கொடுத்தபோதைவிட, தமக்கென்று வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது அக்குழந்தைகளின் முகம் இன்னும் மலர்ந்தது. நம் வாசலிலோ அரிசியும் பாட்டியுடையது, தீர்மானமும் பாட்டியுடையது. அறிமுகமற்றவரைக் கண்டு மிரண்டு தாயின் புடைவைத் தலைப்பில் முகம் புதைக்கும் குழந்தையை, முதுகில் கைவைத்து முன்னே தள்ளி, அழ அழக் காசைப் போடவைக்கும் காட்சியைக் கோயில் வாசல்களில் காண்கிறோமே, அப்போது அதன் மனத்தில் பதிவது கருணையா, அச்சமா? நதியா செர்னியாக், தமார் குஷ்னிர் என்னும் இருவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வருத்தமாயிருக்கும் பொம்மைக்கு ஸ்டிக்கரைக் கொடுப்பதா, தாமே வைத்துக்கொள்வதா என்று தீர்மானிக்க விடப்பட்ட சிறு குழந்தைகள், கொடுத்தே தீரவேண்டும் என்று பணிக்கப்பட்டவர்களைக் காட்டிலும் பிற்பாடு தாராளமாகப் பகிர்ந்துகொண்டனர். ஔவையாரும் ஆத்திசூடியின் தொடக்கத்தில் அறத்தைச் செய்யும்படி ஏவவில்லை. செய்ய விரும்பும்படிதான் சொன்னார்.

"கொடுத்தால் சாக்லேட்டு வாங்கித் தருவேன்" என்று ஆசை காட்டுவதும் தவறே. இருபது மாதக் குழந்தைகளிடம் வார்னெக்கன், தோமசெல்லோ ஆகியோர் நடத்தி 2008-இல் வெளியிட்ட சோதனையில், உதவிக்குக் கைம்மாறாக விளையாட்டுப் பொருள் பெற்றவர்கள் பிறகு உதவுவது குறைந்தது. வாய்ச்சொல்லால் பாராட்டப்பட்டவர்களிடம் அவ்வாறு நேரவில்லை.

இவ்வழக்கத்தின் புதிய வடிவமாகிய, ஆதரவற்றோர் இல்லங்களில் கொண்டாடப்படும் பிறந்தநாள் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. கேக் வெட்டும் குழந்தையைச் சுற்றிப் பெரியவர்கள் நிற்கிறார்கள். இலையின்முன் உட்கார்ந்து, வாழ்த்துப் பாட்டு முடியும் வரையில் சோற்றைத் தொடாமல் காத்திருக்கும், அதே வயதுடைய மற்றொரு குழந்தையின் பெயரை யாரும் கேட்பதில்லை. இருவரையும் ஒரு மணி நேரம் பந்து விளையாட விட்டிருந்தால், அநுதாபம் பிறப்பதற்கு அவசியமான பரிச்சயமாவது ஏற்பட்டிருக்கும்.

ஆயினும் இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. கிழவி குனிந்த அந்தக் கணம் ஒன்றுக்காகவே அது காப்பாற்றத் தக்கது. பெற்றோர்களை நான் வேண்டுவது இவ்வளவே: அடுத்த முறை வாசலில் குரல் கேட்கும்போது, "கொடுக்கலாமா?" என்று குழந்தையைக் கேளுங்கள். அது வேண்டாமென்று தலையசைத்தால், கோபித்துக்கொள்ளாமல், அதன் கண்ணெதிரே நீங்களே போய், வந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கொடுத்து வாருங்கள்.