வருடத்துக்கு மூன்று சனிக்கிழமை

சென்னையில் கார் இல்லாத குடும்பம் சனிக்கிழமை காலையில் கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். ரயிலில்தான் போக வேண்டும், மலையாகத்தான் இருக்க வேண்டும். எந்த மலை? எங்கள் வீட்டில் இதற்கு வருடத்தில் இரண்டு முறையாவது பஞ்சாயத்து நடக்கும். மைத்துனர் ஏற்காடு என்பார். அக்கா ஏலகிரியை விட்டு இறங்கமாட்டாள். ஊட்டிக்குப் போகாத பயணமெல்லாம் ஒரு பயணமா என்று கேட்கவும் ஒருவர் இருப்பார். என் ஓட்டு ஜவ்வாது மலைக்கு. மூன்று முறை போய்வந்த பிறகு அந்த ஓட்டு சரியாகத்தான் விழுந்ததா என்று எனக்கே ஒரு சந்தேகம். அதனால்தான் இந்தக் கணக்கு.

எந்த மலை அழகு என்று கேட்டால் பஞ்சாயத்து முடியவே முடியாது. கையிலிருப்பது ஏறத்தாழ நாற்பது மணி நேரம். அதில் மலைமேல் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது? ஸ்டேஷனில் இறங்கியவனை மலை எப்படி வாங்கிக்கொள்கிறது? அங்கே போனால் மட்டுமே கிடைப்பது என்ன? இந்த மூன்றையும் கேட்டால் பாதிப் பெயர்கள் தாமாகவே விழுந்துவிடும்.

முதலில் விழுவது ஊட்டி. நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் போய் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து 46 கிலோமீட்டரைப் பல்சக்கர ரயிலில் ஏற ஐந்து மணி நேரம். அந்த ரயில் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, ஏறத் தகுந்ததுதான். ஆனால் வெள்ளி இரவும் ஞாயிறு இரவும் வண்டியிலேயே கழியும். ரயிலே சுகம் என்பவர்கள் போகட்டும். ஏற்காட்டுக்குச் சேலம் வரை 330 கிலோமீட்டருக்கு மேல். காலை வண்டியில் போனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு வேளை வந்துவிடும். 1,500 மீட்டர் உயரத்துக் குளிருக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மைத்துனர் ஜெயித்திருப்பார்.

மிஞ்சுவது ஏலகிரியும் ஜவ்வாதும். இரண்டுக்கும் வண்டி ஒன்றே, ஸ்டேஷனும் ஒன்றே. அதனால்தான் போட்டி சுவாரசியமாகிறது. விடிகாலை ஆறு மணிக்குச் சற்றுப் பின் சென்ட்ரலிலிருந்து கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸ் மூன்று மணி நேரத்தில் ஜோலார்பேட்டையில் இறக்கிவிடும். இந்தத் தடம் தென்னிந்திய ரயிலின் மூத்த தடம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் வண்டியின் நீட்சி. ஆம்பூர் தாண்டியதும் ஜன்னலின் இடப்பக்கம் வெகுதூரம் கூடவே வரும் நீல வரிசைதான் ஜவ்வாது. ஏறும்போதே இடப்பக்க ஜன்னலைப் பிடித்துவிட வேண்டும்.

ஜோலார்பேட்டையில் இறங்கினால் ஏலகிரி கண்ணெதிரே நிற்கிறது. பொன்னேரி அடிவாரம் போய், பாவலர் பெயரும் வள்ளல் பெயரும் சூட்டிய பதினான்கு வளைவுகள் ஏறினால் பத்தரை மணிக்கு மலைமேல் காபி குடிக்கலாம். மணிக்கணக்கில் இதை அடிக்க ஆளில்லை. சிக்கல் அந்தக் காபிக்குப் பிறகு தொடங்குகிறது. படகுத்துறை, பூங்கா, ரிசார்ட் மதில், மனை விற்பனைப் பலகை. கீழே விட்டுவந்த தெரு நமக்கு முன்னால் பஸ் பிடித்து மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘ஏழைகளின் ஊட்டி’ என்று இதுபோன்ற மலையூர்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒரு மலைக்குச் செய்யக்கூடிய பெரிய அவமரியாதை அது. ஊட்டியாக ஆகத் தவறியதுதான் அதன் தகுதி என்று சொல்வது போல.

ஜவ்வாதின் முதல் தோல்வி ஸ்டேஷன் வாசலிலேயே நடக்கிறது. திருப்பத்தூருக்கோ வாணியம்பாடிக்கோ ஒரு பஸ், அங்கிருந்து ஆலங்காயம், ஆலங்காயத்திலிருந்து மலை பஸ். வழியில் காவலூர், முடிவில் ஜமுனாமரத்தூர். வாணியம்பாடியிலிருந்து காவலூருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். ஆனால் மலை பஸ்ஸுக்கு நம் வாரயிறுதி தெரியாது. விதை மூட்டை, பள்ளிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள் என்று அதற்கென்று ஒரு நாள் இருக்கிறது. முதல் முறை போனபோது ஆலங்காயத்தில் டீ குடித்துக்கொண்டே பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு டீக்கடைக்காரர், “வரும் சார், உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் வெயிலும் நானும்தான்.

கிழக்கு வாசலைச் சோதித்தாலும் கதை இதுவே. காட்பாடி–விழுப்புரம் தடத்தில் போளூர் ஸ்டேஷன் இருக்கிறது. அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை ஓடிய வண்டியை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டியபோது, ஐம்பது ரூபாயில் மலையடிவாரம் என்று துள்ளிக் குதித்தேன். நேரத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். மாலை கிளம்பி நள்ளிரவை ஒட்டிப் போய்ச் சேரும் வண்டி. விடிவதற்குள் திரும்பி ஓடும் வண்டி. கிரிவலக்காரருக்கும் வேலைக்கு வந்துபோகிறவருக்கும் போட்ட நேரம் அது. ஜோலார்பேட்டைக்கு மாலையில் போய் மறுநாள் விடிகாலையில் சென்னை திரும்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸும் அப்படித்தான். மலையின் பெயரைச் சுமந்தாலும் அது ஆபீஸ் வண்டி.

இந்த விஷயத்தில் வியன்னாக்காரர்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. 1854-இல் திறந்த செம்மரிங் ரயில் பாதை மலையையே ஏறிக் கடக்கிறது. 1880-களில் ரயில் கம்பெனியே கணவாயின் மேல் ஹோட்டல் கட்டி நகரத்தாரை அழைத்தது. வண்டியை விட்டு இறங்கும் இடத்திலேயே பயணம் தொடங்கிவிடுகிறது. நமக்கு வண்டி முடிந்த பிறகுதான் பிரயாணமே ஆரம்பம். அந்த ஊர்க்காரர் எழுதும் வழிகாட்டிகளைப் படித்துவிட்டு இங்கே ஸ்டேஷன் வாசலில் நின்று மலையைத் தேடக் கூடாது.

வழிகாட்டி என்றதும் ஒன்று. பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் இந்த வட்டாரத்துக்கான வழித்துணைதான். செங்கத்துத் தலைவன் நன்னனிடம் பரிசு வாங்கப்போகும் கூத்தரை, முன்பே போய்வந்த ஒருவர் ஆற்றுப்படுத்துகிறார். சேயாறும் நவிரமலையும் அதில் உண்டு. புலவர் பெருங்கௌசிகனார் மலையின் அழகோடு நிறுத்திக்கொள்ளவில்லை. குழி எங்கே, பாம்பு எங்கே, தினைப்புனம் காப்பவர் எறியும் கவண் கல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று எச்சரிக்கிறார், என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் சொல்கிறார். இன்றைய சுற்றுலாக் கையேடுகளில் அந்தப் பொறுப்பு இல்லை. ஜவ்வாது என்றால் ‘பீமன் நீர்வீழ்ச்சி, காவலூர் தொலைநோக்கி’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். அருவி கொட்ட வேண்டுமென்றால் ஐப்பசி கார்த்திகை மழை வேண்டும். நட்சத்திரம் தெரிய மழை ஓய வேண்டும். இரண்டு பருவமழையின் மேகமும் தொடும் மலை இது. வானம் ஒழுங்காகத் திறப்பது ஜனவரியிலிருந்து மே வரை. அருவிக்கு அக்டோபரில் போனால் வானம் மூடியிருக்கும், வானத்துக்கு ஏப்ரலில் போனால் அருவியில் பாறை மட்டும் இருக்கும்.

உயரமும் கைகொடுப்பதில்லை. காவலூர் 725 மீட்டர். வேலூர் வெயிலிலிருந்து நாலைந்து டிகிரி குறையலாம், அவ்வளவுதான். மே மாதம் குளிர் தேடி இங்கே ஏறுகிறவர் ஏமாறுவார்.

ஆக நேரத்தில் தோல்வி, பஸ்ஸில் தோல்வி, குளிரில் தோல்வி. பிறகு ஏன் என் ஓட்டு?

ஒரு பிப்ரவரி சனிக்கிழமைக்காக. காவலூர் வானாய்வகம் சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடும் வழக்கமுடையது; பருவம் இருக்கும்போது இரவில் சிறு தொலைநோக்கி வழியாகப் பார்க்கவும் விடுவார்கள். 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு நாடெங்கும் இடம் தேடி இந்தச் சந்தனக் காட்டைத் தேர்ந்தது இருட்டுக்காக மட்டும் இல்லை. 12.5 பாகை வட அட்சத்தில் நின்றால் தெற்கு வானமும் பெருமளவு கிடைக்கும். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய இடம். 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் இதற்கும் பங்குண்டு. இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டபோது அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982-இலேயே காலமாகிவிட்டார். இப்போது அதற்கு அவர் பெயர். 1988-இல் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள்.

இதெல்லாம் தகவல், சென்னையில் இருந்தே படித்துக்கொள்ளலாம். அக்கா மகளுக்குத் திருவாதிரை நட்சத்திரம். பதினான்கு வருடமாக ஜாதகத்திலும் அர்ச்சனைத் தட்டோடு சொல்லும் சங்கல்பத்திலும் மட்டுமே கேட்ட பெயர். அன்று இரவு வரிசையில் நிற்கும்போது பக்கத்திலிருந்த ஒருவர் கையை நீட்டி, “அதோ செவப்பா இருக்கு பாரும்மா, அதான் திருவாதிரை” என்றார். அவள் நம்பவில்லை. “நிஜமாவே சிவப்பா இருக்கு மாமா” என்று இரண்டு முறை சொன்னாள். தெற்கே மரத்தலைக்கு மேல் அகத்தியர் நட்சத்திரம் பளபளத்துக்கொண்டிருந்தது. தொலைநோக்கியில் கண் வைத்தது ஒரு நிமிடம்கூட இருக்காது; வெறும் கண்ணால் அண்ணாந்து நின்றதுதான் நேரம். ஏலகிரியிலும் ஏற்காட்டிலும் விளக்கு கெடுத்துவிட்ட இருட்டு இங்கே இன்னும் மீதம் இருக்கிறது. அடிவார ஊர்களின் வெளிச்சம் தொடுவானத்தில் மஞ்சளாக ஏறிக்கொண்டிருப்பதையும் அன்றே பார்த்தோம். எத்தனை நாளைக்கோ.

இன்னொன்றையும் தராசில் வைக்கத்தான் வேண்டும். இந்த மலையின் மக்கள் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் பழங்கதையில் சொல்பவர்கள், சாமை விளைவிப்பவர்கள். நாம் மேலே போகும் சாலையில்தான் அவர்கள் கூலி தேடிக் கீழே இறங்குகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற இருபது மரம்வெட்டிகளில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தில் இந்த மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் சாமை அரிசி அளந்துகொண்டிருந்த பாட்டி, எத்தனை நாளைக்கு வந்தீர்கள் என்று கேட்டார். ஒரு நாள் என்றேன். “ஒரு நாளுக்கா இவ்ளோ தூரம் சாமி?” என்று சிரித்துவிட்டுப் படிக்கு மேல் ஒரு கை கூடுதலாகப் போட்டார். ஏலகிரியில் நாம் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் ரிசார்ட்காரருக்கு. இங்கே அது கைமாறும் கைகளை நேரில் பார்க்க முடிகிறது. இது பயணிக்கு வசதி சேர்க்காது என்றாலும் என் கணக்கில் மதிப்பெண் உண்டு.

தீர்ப்பு இப்படி விழுகிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதானால், கைக்குழந்தை இருந்தால், கோடை விடுமுறையானால், ஏலகிரி. அக்கா சொன்னதே சரி. ஜவ்வாது ஜெயிப்பது ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில், அதுவும் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை மட்டும். நிலா இருந்தால் நட்சத்திரம் பாதி. தங்குமிடங்கள் விரல்விட்டு எண்ணுமளவுதான், முன்பே அறை பேசிவிட வேண்டும். இரவில் பஸ்ஸை நம்ப முடியாது. காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு வண்டி பேசியாக வேண்டும். வானாய்வகத்தில் அந்த வாரம் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். இத்தனையும் கூடிவரும் சனிக்கிழமைகளை நாட்காட்டியில் எண்ணினேன். வருடத்துக்கு மூன்று, நல்ல வருடமானால் நான்கு.

பஞ்சாயத்தில் இதைச் சொன்னபோது, மூன்று நாளுக்காகவா இத்தனை வாதம் என்றார் மைத்துனர். அக்கா மகள் அதற்குள் காலண்டரைக் கழற்றிவந்து தை அமாவாசை என்ன கிழமை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.