நீர்வண்ணத்தில் நெஞ்சின் ஈரம்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக வறுமை, இழவு, இளிவு, அசைவு என்னும் நான்கினைச் சுட்டினார். இவை ஓவியத்திற்கும் பொருந்துவனவே. எனினும், கண்ணீர் வடிக்கும் முகத்தைத் தீட்டுவது எளிது. காண்போர் நெஞ்சைக் கசியச் செய்வது அரிது.

இவ்வரிய பணிக்கு நீர்வண்ணம் பெரிதும் ஏற்றது. எண்ணெய் வண்ணத்தில் பிழையை மேற்பூச்சு மறைத்துவிடும். நீர்வண்ணத்திலோ கீழ்ப்பூச்சு மேலே தோன்றும். ஒளி வேண்டுமிடத்தில் தாளின் வெண்மையைத் தீண்டாது விடுதல் வேண்டும். ஆகவே, அடக்கமே இக்கலையின் இலக்கணமாகின்றது.

வங்கப் பிரிவினையால் நாடு கொந்தளித்த 1905-இல் அவனீந்திரநாத் தாகூர் தீட்டிய 'பாரத மாதா' இதற்குத் தக்க சான்று. காவியுடுத்த அவ்வன்னையின் நான்கு கைகளில் ஏடும் நெற்கதிரும் வெண்துகிலும் செபமாலையும் உள்ளன. படைக்கலம் ஒன்றேனும் இல்லை. சப்பானிய ஓவியரோடு பழகிக் கற்ற முறையில், வண்ணத்தை நீரால் கழுவிக் கழுவிப் படரவிட்ட மென்மூட்டம் ஓவியமெங்கும் பரவிநிற்கின்றது. வறியோர் எவரும் அதில் இல்லை. அவர்தம் தேவைகள் மட்டுமே அன்னையின் கைகளில் உள்ளன. அவ்வோவியத்தின் நயமும் அதுவே, குறையும் அதுவே. இரக்கத்திற்குரியவர் முகம் அங்குக் காணப்படவில்லை.

அக்குறையை நிறைக்கும் நெறி மலேசிய மண்ணிலேயே உண்டு. சரவாக்கில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த யோங் முன் சென் (1896–1962), கடற்கரையையும் மீன்பிடி படகுகளையும் உழைப்போரையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். தம்மைச் சூழ்ந்த எளிய வாழ்வே அவருக்குப் பாடுபொருளாயிற்று.

ஓவியப் பாடத்தில் இந்நெறி இடம்பெறல் வேண்டும். இரு மலைகளும் நடுவே எழும் ஞாயிறும் கொண்ட மாதிரிப் படத்தையே மாணவர் ஆண்டுதோறும் தீட்டுவதால், கை பழகலாம், கண் பழகாது. 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் மூண்ட இனக் கலவரத்தில் ஆறு உயிர்கள் மாண்டன. அடுத்தடுத்து வாழ்ந்தோரிடையே அக்கொடுமை நிகழ்ந்தது. அத்தகைய குடியிருப்பில் வளரும் சிறுவன் அண்டைவீட்டு மலாய் மூதாட்டியின் முகத்தைத் தீட்ட முற்பட்டால், அம்முகத்தை நெடுநேரம் உற்று நோக்கியாக வேண்டும். அங்ஙனம் நோக்கியறிந்த முகத்தின்மீது கல்லெறியக் கை எளிதில் எழாது. இரக்கம் அந்நோக்கில் பிறப்பது. தூரிகை அதற்குக் கருவியாவது.